நீங்கள் தப்பாகப் போட்ட கட்டம்

அக்கா,

இன்று காலையும் மூன்றாவது மாடியில் யாரோ லிஃப்ட் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் பெண் குரல், தயவுசெய்து கதவை மூடுங்கள் என்று ஹிந்தியில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அது கெஞ்சக் கெஞ்ச எனக்கு எரிச்சல் ஏறும். குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஒரு மாடி இறங்கிப் போய் நானே சாத்தினேன். சாத்தும்போது வழக்கம்போல உங்கள் நினைப்பு வந்தது, அதோடு கூடவே பொறாமையும் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நேரில் இதை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் வயிறெரிந்திருப்பேன். இனி அந்தப் பயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

புனேயில், இந்த வானவடியில் நம் கட்டடம் எழும்பியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். சுற்றிலும் ராணுவக் குடியிருப்புகளும் காலி மனைகளும்தான் அப்போது. லிஃப்ட் கிடையாது என்பதால் நாலாவது மாடி வீடு கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, நாங்கள் வாங்கினோம். நீங்கள் கீழ்த்தளத்தில் வாங்கினீர்கள். நாங்கள் திருநெல்வேலி, நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். எனக்குக் கன்டோன்மென்ட் கடைவீதி இருக்கும் கேம்பில் ஓர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை, உங்களுக்கு அதே கேம்பில் வங்கி மேனேஜர் உத்தியோகம். ஒரே பஸ்ஸில் போவோம், வருவோம். நான் ஹிந்தியையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிய காலத்தில் நீங்கள் மராத்தியில் சண்டை போடப் பழகிவிட்டீர்கள். காய்கறிக்காரி என்னிடம் விலை சொல்லுவாள், உங்களிடம் தன் மருமகளைப் பற்றிச் சொல்லுவாள். புடவை விஷயத்தை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் இந்தக் கடிதம் முடியாது.

அதெல்லாம் சின்னப் பொறாமை. பெரியது அவருக்கு மாரடைப்பு வந்த பிறகுதான் வந்தது.

என் வீட்டுக்காரர் கோர்படியில் ரயில்வே வேலையில் இருந்த மனிதர். ஒரு நாளும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேம்புக்குப் போய் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வாங்கி, ஈரானி கடையில் டீ குடித்து, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் பேசிவிட்டு வந்தால்தான் அவருக்கு வாரம் தொடங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கட்டடத்து ஆண்கள் ஆளுக்கொரு காலாகப் பிடித்து அவரை நாலு மாடி தூக்கி வந்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த முறை பரிசோதனைக்குப் போக வேண்டி வந்தபோது, இனி ஒரேயடியாகத் தூக்கும்போதுதான் கீழே இறங்குவேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தோம். என் வீட்டுக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற ஸ்கூட்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

அவரைக் கீழே இறக்க வேண்டும். அதுவும் நான்தான் இறக்க வேண்டும். என் ஆசையை மறைக்காமல் சொன்னால் இவ்வளவுதான்.

கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்கு அப்போதே நான்தான் செக்ரட்டரி. எழுத்து வேலை யாருக்கும் பிடிக்காததால் என் தலையில் கட்டியிருந்தார்கள். நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். லிஃப்ட் வைக்க ஓர் இன்ஜினியரைப் பிடித்தேன். அவர் வந்து மண்ணைப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மாடிப்படியின் பின்சுவரை ஒட்டி, குல்மொஹர் மரத்துக்கு இந்தப் பக்கம், அங்கேதான் வரமுடியும் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார். மாநகராட்சியில் என்ன அனுமதி, எந்த மாசம் என்ன வேலை, மழைக்கு முன்னால் எது, பின்னால் எது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தேன். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கதவிடுக்கில் சொருகினேன்.

கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. நம் கூட்டங்களின் சம்பிரதாயம் உங்களுக்குத் தெரியாததா? ஆள் போதவில்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைப்போம், அதே இடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்போம், அரை மணி முடிந்ததும் இருக்கிறவர்களை வைத்துக் கூட்டத்தை மறுபடியும் தொடங்குவோம். அப்படித் தொடங்கியபோது, மராத்தியில் சித்தப்பா என்ற அர்த்தத்தில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் கீழ்த்தளத்துக்காரர் முதலில் பேசினார். ஆயுதத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், உங்கள் எதிர் வீடு, கட்டடத்துக்கே மூத்தவர் என்று மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். நான் தரையில் இருக்கிறேன், எனக்கு எதற்கு ஆகாயத்துக்குப் போக வண்டி, அதற்கு நான் ஏன் பங்கு போட வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது மாடியில் இருந்த மேஜர் மனைவி, ராணுவத்தில் எங்களுக்கு மாடி ஏறிப் பழக்கம்தான் என்றார். அடுத்த மாசம் இன்னொரு நோட்டீஸ். இன்னொரு அரை மணி. அதே பேச்சு. இரண்டு கூட்டத்திலும் நீங்கள் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதில் எனக்குக் கோபம்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை, மார்க்கெட்டிலிருந்து பையோடு வருகிறேன். வாசலில் நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காக்கா தன் ஸ்கூட்டரை நிறுத்துகிற இடம் அது. ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக விட்டிருந்தீர்கள். என்ன அக்கா என்று கேட்டதற்கு, லிஃப்ட் இங்கதானுங்க வருது என்று நிமிராமலே சொன்னீர்கள். வரைபடத்தை உங்களுக்கு நான் விரித்தே காட்டியிருக்கிறேன். கட்டடத்துக்குப் பின்னால் வரவேண்டிய லிஃப்ட்டை முன்வாசலில் போட்டு வைத்திருக்கிறீர்கள்!

நான் வாய் திறப்பதற்குள் காக்கா பனியனோடு வெளியே வந்துவிட்டார். உங்கள் மராத்தியும் அவர் மராத்தியும் போட்ட சத்தத்தில் மேஜர் மனைவி பால்கனிக்கு வந்தார். இங்கேயா, யார் சொன்னது, மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம், மோட்டார் முதல் வருஷமே போய்விடும் என்று காக்கா கத்தினார். அப்படியா காக்கா, எனக்குத் தெரியவே தெரியாதே, அப்போது எங்கே வைப்பது என்று முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கேட்டீர்கள். அவர் உங்கள் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு பக்கவாட்டில் போய் ஒரு கட்டம் போட்டார். மேலேயிருந்து மேஜர் மனைவி, என் சமையலறை ஜன்னலை அடைக்கப் பார்க்கிறீர்களா என்று இறங்கியே வந்துவிட்டார். நான் வெண்டைக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். சரியான இடம் வரைபடத்தில் இருக்கும்போது இது என்ன கூத்து என்று கேட்டேன். அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"நீங்க சரியா போட்டு வச்சுட்டீங்கன்னா, அவுங்க வந்து என்னத்தைங்க அம்மிணி பண்ணுவாங்க? தலையாட்டோணும், இல்லாட்டி மாட்டேங்கோணும். தப்பாப் போட்டு வைங்க. திருத்தறதுக்குன்னு எல்லாரும் வருவாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்க மட்டும் அந்தப் பக்கம் வராதீங்க. விடை தெரிஞ்சவங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்றீர்கள்.

என் புருஷன், என் வரைபடம், என் அலைச்சல். அதில் நான் வரக்கூடாது! அந்தச் சாதம் அன்றைக்கு எனக்கு இறங்கவே இல்லை. ருசியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

சொன்னபடி நான் வரவில்லை. நாலாவது மாடிப் பால்கனியில், அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கட்டம் இடம் மாறியது. ஒரு வாரம் பக்கச் சுவருக்குப் போனது, அங்கே மேஜர் மனைவி அழித்தார். ஒரு வாரம் முன்புறப் பூந்தொட்டி வரிசைக்கு வந்தது, அங்கே பூந்தொட்டிக்காரர்கள் அழித்தார்கள். மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்திருந்த சென்னைப் பையன், சாஃப்ட்வேர் வேலை, யாரோடும் பேசாதவன், டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தான். லிஃப்ட் வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இடத்துக்குத்தான் சண்டை. மேலேயிருந்து என் வீட்டுக்காரருக்கு அது வாராவார நாடகமாகிப் போனது. நீங்கள் கீழே நின்று அண்ணாந்து, என்னங்கண்ணா, இந்த இடம் எப்படிங்க என்று கத்துவீர்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் தப்பாப் போடுங்க, இது போதாது என்று பதில் கத்திச் சிரிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை. சமையலறையில் இருந்தபடி நான் அதைக் கேட்டேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான், உப்பில்லாமல் சமைத்தது நான். சிரிக்க வைத்தது மட்டும் நீங்கள். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

கடைசியில் காக்காதான் கண்டுபிடித்தார். மாடிப்படியின் பின்சுவரை ஒட்டி, குல்மொஹர் மரத்துக்கு இந்தப் பக்கம். தானே கட்டம் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, செக்ரட்டரியைக் கூப்பிடுங்கள் என்று ஆள் அனுப்பினார். நான் இறங்கிப் போனேன். தண்ணீர் ஏன் இங்கே நிற்காது, ஜன்னல் ஏன் இங்கே அடைபடாது, மரத்தின் வேர் ஏன் தொந்தரவு செய்யாது என்று என் இன்ஜினியர் எனக்குச் சொன்ன காரணங்களை எல்லாம் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. அரை மணி ஒத்திவைக்கத் தேவையே இருக்கவில்லை. காக்கா எழுந்து, நான் குறித்த இடத்துக்கு என் பங்கை முதலில் தருகிறேன் என்றார். அதற்கப்புறம் எல்லாம் என் வேலைதான். அனுமதிக்கு அலைந்தது, ஒப்பந்தக்காரனை விரட்டியது, மழையில் நின்ற வேலையை மறுபடி தொடங்க வைத்தது என்று ஒன்று விடாமல் நான்தான் பார்த்தேன். ஆனால் யாராவது கேட்டால், காக்கா இடம் சொன்னார், மேனேஜர் மேடம் முன்னால் நின்றார் என்பார்கள். செக்ரட்டரி நோட்டீஸ் அடித்தார் என்றுகூட ஒருவரும் சொன்னதில்லை.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காக்கா தேங்காய் உடைத்தார். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்டில் இறங்கினார். கதவு திறந்தது. கட்டடமே வெளியே நின்றது. என் கையை விட்டுவிட்டு இரண்டு அடி நடந்து உங்கள் முன்னால் போய் நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களாலதான் இறங்கினேன்" என்றார்.

நீங்கள் மறுக்கவில்லை. எல்லாம் உங்க வீட்டம்மா போட்ட திட்டமுங்க என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பின்ன, சும்மாவா, மூணு டப்பா சாக்பீஸுங்க" என்று சிரித்தீர்கள். கூட்டமும் சிரித்தது. நான் திரும்பி லிஃப்ட் கதவைச் சாத்தினேன். யாராவது ஒருவர் சாத்த வேண்டுமே. அன்று மாலை ஆட்டோ வைத்து கேம்புக்குப் போனோம். அவர் ஈரானி கடையில் உட்கார்ந்து டீ குடித்தார், பத்திரிகை வாங்கினார், பக்கத்து மேசைக்காரரிடம் லிஃப்ட் கதையைச் சொன்னார். அந்தக் கதை முழுக்க நீங்கள்தான் வந்தீர்கள்.

அதற்குப் பிறகும் நாம் நன்றாகத்தான் இருந்தோம், அக்கா. ஒரே பஸ், ஒரே கீரைக்காரி, தீபாவளிக்கு உங்கள் வீட்டு ஒப்புட்டு, எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து. உங்களைப் போல எனக்கு ஒரு சிநேகிதி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பிரியம் இருந்தது, பொறாமையும் அது பாட்டுக்கு இருந்தது. ஒன்று வந்ததும் இன்னொன்று ஓடிவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

மகள் பிரசவத்துக்கென்று கோயம்புத்தூர் போனீர்கள். பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் போனில் கத்தினீர்கள். அடுத்து வந்த போன் உங்கள் மருமகனுடையது. தூக்கத்திலேயே என்றார். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது என் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் இப்படி எனக்காக அழுவாரா என்றுதான் அந்த நிமிஷத்தில் தோன்றியது. மறுநாள் பஸ்ஸில், நீங்கள் உட்காரும் ஜன்னல் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கேம்ப் வந்து சேரும்வரை அழுதேன்.

இனி போன மாசம் நடந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

லிஃப்ட் வாசலில் உங்கள் பெயரைக் கல்லில் பொறித்து வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். என்னிடம் தனியாகக் கேட்கவில்லை. சொசைட்டிக்கு விண்ணப்பமாகவே கொடுத்துவிட்டார். செக்ரட்டரி என்ற முறையில் நானே அதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியதாயிற்று. வழக்கம்போலக் கூட்டம் பாதிதான். அரை மணி ஒத்திவைத்துத் தொடங்கியபோது, காக்காவும் இன்னும் சிலரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். வாசித்து முடித்தேன். பிறகு என் கருத்தையும் சொன்னேன். கல் வேண்டாம் என்றேன். லிஃப்ட் எல்லாரும் சேர்ந்து வைத்தது, ஒருவர் பெயரைப் போட்டால் நாளைக்கு இன்னொருவர் கேட்பார், பொதுச் சுவரில் இதெல்லாம் முறை இல்லை என்றேன். காரணமெல்லாம் சரியானவைதான். ஆனால் காரணம் அதுவல்ல என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். தினமும் காலையில் கதவைச் சாத்தும்போது உங்கள் பெயரைப் படிக்க என்னால் முடியாது.

காக்கா தூக்கத்திலிருந்து எழுந்தார். இப்போது கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது, ஆனாலும் எழுந்து நின்றார். யார் வேண்டாம் என்றது, அந்த அம்மா இல்லாவிட்டால் இந்த இடத்தை நான் கண்டுபிடித்திருப்பேனா என்று தடியைத் தரையில் தட்டினார். மேஜர் மனைவி, கல் கறுப்பாக இருக்கட்டும், வெள்ளை அழுக்காகும் என்றார். சென்னைப் பையனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். பெயர் தமிழிலும் இருக்க வேண்டும், என் பிள்ளைகள் அதையாவது படிக்கட்டும் என்றான். முதலில் மராத்தியா தமிழா என்று ஒரு சண்டை. கண் மட்டத்திலா, குழந்தைகள் தொடாத உயரத்திலா என்று இன்னொரு சண்டை. சத்தம் கேட்டு, கூட்டத்துக்கு வராதவர்களும் இறங்கி வந்தார்கள். கல் வேண்டுமா வேண்டாமா என்பது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒருமனதாகத் தீர்மானம் என்று நானே என் கையால் எழுதினேன்.

கூட்டம் முடிந்து லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம். இரண்டாவது மாடி தாண்டும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அந்த முகம் அப்படி ஆனதில்லை.

"வேணும்னேதான வேண்டாம்னு சொன்ன?" என்றார். "எல்லாத்தையும் எப்படி எழுப்பி உட்கார வச்சிட்ட! அவுக கூட இத்தனை சீக்கிரமா முடிச்சிருக்க மாட்டாவ."

நான் நிஜமாகத்தான் வேண்டாம் என்றேன், அக்கா. மனசார, வயிறெரிந்து வேண்டாம் என்றேன்.

அவரிடம், "ஆமா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் உங்களைவிட நான் ஒரு படி மேல் என்று அவர் வாயால் வந்தது அந்த ஒரு தடவைதான். நியாயமாகப் பார்த்தால் அதுவும் உங்களுக்குச் சேர வேண்டியது. தரமாட்டேன்.